அம்மாவை வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். இனி எப்படிப் பார்ப்பது?

குளக்கட்டான் (விசுவமடு), ஞாயிறு இரவு 9.20

வணக்கம். இந்தக் களத்தில் நெல்விலையையும் உழவு இயந்திரத்தையும் தவிர வேறெதைப் பற்றியும் நான் எழுதியதில்லை. இன்றைக்கு அம்மாவைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

வயது 68. மார்பில் வந்த கட்டியை ஒன்றரை வருசம் ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். புண்ணாகி மணக்கத் தொடங்கிய பிறகுதான் தங்கச்சி கண்டுபிடித்தாள். அப்புறம் ஊசி, மருந்து என்று எட்டு மாதம். இப்போது முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் பரவிவிட்டது. போன கிழமை கிளினிக்கில், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல விரும்பவில்லை, நடைபாதையில் வைத்தே ஒருவர் சொன்னார்: "இனிச் செய்ய ஒண்டுமில்லை, வீட்டில வைச்சு வடிவாப் பாருங்கோ." கொப்பியில் பாலியேட்டிவ் கெயார் (நோயை மாற்றாமல் வலியையும் வருத்தத்தையும் தணித்துப் பார்க்கிற பராமரிப்பு) என்று எழுதி, வலிக்கு மோர்பின் குளிசையும் தந்துவிட்டார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வடிவாப் பார்ப்பது என்றால் என்ன? எனக்கு மாடு பார்க்கத் தெரியும், வயல் பார்க்கத் தெரியும். கனடாவில் இருக்கிற அண்ணன், "ஹொஸ்பிஸில சேர், காசு நான் அனுப்புறன்" என்கிறார். கடைசிக்கட்ட நோயாளரை வைத்துப் பார்க்கிற இடமாம். வன்னியில் அப்படி ஒன்று எங்கே இருக்கிறது? பெரியம்மா மோர்பின் பெட்டியைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். அதைக் கொடுத்தால் ஆள் கெதியாய்ப் போய்விடுமாம். அம்மா இரவிரவாக முனகுகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூண்டுசில்லு (பரந்தன்), ஞாயிறு இரவு 9.41

தம்பி, முதல் வேலையாகக் குளிசையைச் சாமித்தட்டில் இருந்து எடு. மிச்சம் பேந்து கதைப்பம். எங்கள் களத்தில் ஒரு மிசி (தாதி) அக்கா இருக்கிறா, தட்டி எழுப்புகிறேன்.

வெள்ளைத்தொப்பி (கிளிநொச்சி), ஞாயிறு இரவு 10.35

தட்டத் தேவையில்லை, விழித்துத்தான் இருக்கிறேன்.

தம்பி, பெரியம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். நான் 31 வருசம் வார்ட்டில் நின்றவள். மோர்பின் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படாத ஒரு குடும்பத்தைக்கூடக் காணவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. முந்தி அந்தக் குளிசையைக் கடைசி இரண்டு மூன்று நாளில்தான் எழுதுவார்கள். குளிசை வந்தது, ஆள் போனது, சனம் பார்த்தது அவ்வளவுதான். நோய் செய்த வேலையைக் குளிசையின் தலையில் கட்டிவிட்டார்கள்.

வலிக்கு அளந்து கொடுக்கும் மோர்பின் ஆயுளைக் குறைக்காது. வலிக்காகக் குடிக்கிற அம்மாவுக்குப் போதைப் பழக்கம் பிடித்துவிடும் என்ற பயமும் வேண்டாம். ஆனால் கொடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. பனடோல் மாதிரி வலி வந்த பிறகு தேடி எடுக்கிற மருந்து இல்லை இது. வலி தலைதூக்க முதலே மணிக்கணக்குக்குக் கொடுக்க வேண்டும். சாதாரணக் குளிசை என்றால் 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. காலை 6, 10, பின்னேரம் 2, 6, இரவு 10. நடுச்சாமத்தில் ஆளை எழுப்பாமல் இருக்க இரவு 10 மணிக்கு இரண்டு வேளை அளவைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. அதை டொக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 12 மணித்தியாலத்துக்கு ஒன்று என்று வேறொரு வகையும் இருக்கிறது. அதை உடைக்கவோ இடிக்கவோ கூடாது, அரைநாள் மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். உங்களுடைய பெட்டியில் எது இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். இடையில் வலி உடைத்துக்கொண்டு வந்தால் மேலதிகமாக ஒன்று கொடுக்கலாமா, எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் அம்மா தூங்கிக்கொண்டே இருப்பார், ஓங்காளமும் வரலாம். அது தானாகத் தணியும். தணியாதது மலச்சிக்கல். மோர்பின் தொடங்குகிற அன்றைக்கே வயிறு இளக்கும் மருந்தும் தொடங்க வேண்டும். இதை எழுத மறக்கிற டொக்டர்மாரும் உண்டு, கேட்டு வாங்குங்கள். தட்டி எழுப்பினாலும் எழும்பாத மயக்கம், மூச்சு வரவரக் குறைவது, கண்மணி ஊசிமுனை மாதிரிச் சுருங்குவது, இவற்றைக் கண்டால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே டொக்டரிடம் கதையுங்கள்.

இன்னொன்று. முதுகெலும்பில் பரவியிருக்கிறது என்கிறீர்கள். திடீரென்று கால் பலமில்லை, விறைக்கிறது, சலம் போகவில்லை என்று அம்மா சொன்னால், "வீட்டில வைச்சுப் பாக்கச் சொன்னவை" என்று இருந்துவிடாதீர்கள். எலும்பு முள்ளந்தண்டு நரம்பை அமத்துகிற அறிகுறி அது. அன்றைக்கே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வீட்டில் பார்ப்பது என்பதற்கு ஆஸ்பத்திரிக் கதவை மூடிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

பனிக்குள்பனை (ஸ்காபரோ), திங்கள் காலை 6.15

குறை நினைக்க வேண்டாம். "செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்ல அவர்கள் யார்? அண்ணன்காரன் சொல்வது சரி. கொழும்புக்குக் கொண்டு போங்கள், தனியாரில் காட்டுங்கள். இங்கே கனடாவில் ஹொஸ்பிஸ் என்றால் ஹோட்டல் மாதிரி, பியானோகூட இருக்கும். எங்கள் சனம் மட்டும் ஏன் பாயில் கிடந்து சாக வேண்டும்?

மூண்டுசில்லு (பரந்தன்), திங்கள் காலை 7.02

அண்ணை, விசுவமடுவில் இருந்து கொழும்புக்கு வான் எத்தனை மணித்தியாலம் என்று மறந்துபோச்சோ? எலும்பில் நோய் இருக்கிற மனிசிக்கு ஒவ்வொரு பள்ளமும் ஒரு அடி. நான் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன், பின்சீற்றில் இருந்து வரும் சத்தம் எனக்குத்தான் கேட்கும்.

ஒட்டுசுட்டான்பிள்ளை (இங்கிலாந்து), திங்கள் பகல் 1.30

நான் இங்கே வீடு வீடாகப் போகிற சமூகத் தாதியாக வேலை செய்கிறேன். கிழமையில் பாதி நாள் கடைசிக்கட்ட நோயாளர் வீடுகள்தான்.

முதலில் ஹொஸ்பிஸ் என்ற சொல்லை அவிழ்த்துவிடுவோம். இன்றைக்கு நாங்கள் சொல்கிற கருத்தில் அதைத் தொடங்கி வைத்தவர் சிசிலி சாண்டர்ஸ். தாதியாக இருந்து, பிறகு ஆஸ்பத்திரிச் சமூக சேவகியாகி, கடைசியில் டொக்டருக்கும் படித்தவர். 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் திறந்தார். மருந்தை மணிக்கணக்குக்குக் கொடுப்பது என்று மிசி அக்கா சொன்னாவே, அதை உலகத்துக்கு நிலைநாட்டிக் காட்டியது அவர்தான். அவர் இன்னொன்றும் சொன்னார். நோயாளியின் வலியில் உடம்பு ஒரு பங்குதான். மனம், குடும்பம், காசுக்கவலை, கடவுளோடு இருக்கிற கணக்கு எல்லாம் சேர்ந்ததே முழு வலி. அதனால்தான் ஹொஸ்பிஸ் குழுவில் டொக்டரும் தாதியும் மட்டுமல்லாமல் சமூக சேவகரும், சமயப் பெரியவரும், தொண்டர்களும் இருப்பார்கள். ஆள் போன பிறகும் குடும்பத்தைத் தேடி வருவார்கள்.

பியானோ இருக்கிற கட்டடங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே ஹொஸ்பிஸ் பார்க்கிற ஆட்களில் பெரும்பாலானவர்கள் சொந்த வீட்டில் சொந்தக் கட்டிலில்தான் இருக்கிறார்கள். வலி அடங்காவிட்டால், அல்லது பார்க்கிற பிள்ளை களைத்துப்போனால், கொஞ்ச நாளைக்கு உள்ளே எடுத்து, சரிப்படுத்தித் திருப்பி அனுப்புவார்கள். குடும்பம் ஒரு சதமும் கட்டுவதில்லை. செலவின் பெரும் பங்கு நன்கொடையிலும் பழைய சாமான் கடை வருமானத்திலும் ஓடுகிறது.

"செய்ய ஒன்றுமில்லை" என்ற வசனத்தை எனக்கும் பிடிக்காது. நோயை மாற்றச் செய்ய ஒன்றுமில்லை என்பதுதான் சரி. வலிக்கு, புண்ணுக்கு, நித்திரைக்கு, பயத்துக்கு, பார்க்கிற உங்களுக்கு எவ்வளவோ செய்யலாம். அமெரிக்காவில் பொஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோய்க்காரர் 151 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. வழமையான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் பராமரிப்பும் கிடைத்தவர்கள், அது கிடைக்காதவர்களைவிடக் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாக எடுத்தும் கூடுதல் காலம் இருந்தார்கள். இடைநிலைக் கணக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

பனிக்குள்பனை (ஸ்காபரோ), திங்கள் இரவு 8.50

சரி தங்கச்சி, படித்தேன். எங்கள் நாட்டுக் கதை ஒன்று நானும் சொல்கிறேன். பாலியேட்டிவ் கெயார் என்ற பெயரை 70களின் நடுவில் மொன்றியலில்தான் வைத்தார்கள், போல்ஃபர் மவுண்ட் என்ற டொக்டர். பிரெஞ்சுக்காரர் காதில் ஹொஸ்பிஸ் என்றால் ஏழை எளியவர்களைத் தள்ளிவிடுகிற மடம் மாதிரிக் கேட்டதாம், அதனால் புதுப்பெயர் தேட வேண்டி வந்தது. எங்கள் சனத்துக்கும் அதுதானே? "தாயைக் கொண்டுபோய் மடத்தில விட்டுட்டான்" என்பார்கள்.

ஆனாலும் இலங்கையில் ஒன்றுமே இல்லையா?

வெள்ளைத்தொப்பி (கிளிநொச்சி), திங்கள் இரவு 10.10

ஏன் இல்லை. மகரகமவில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்துகிற சாந்த செவன என்ற ஹொஸ்பிஸ் இருக்கிறது. தெற்கில் சமயத் தலங்களைச் சார்ந்தும் சில உண்டு. சுகாதார அமைச்சு 2019–2023 காலத்துக்கு என்று பாலியேட்டிவ் பராமரிப்புக்கு ஒரு தேசியத் திட்டச் சட்டகமே போட்டது. தாளில் ஏறியது ஏ9 வழியே வந்து உள்வீதிக்கு இறங்க நாள் எடுக்கும், அது உங்களுக்கும் தெரியும். எங்களுக்குக் கிட்ட என்றால் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி சேர்த்தார்களே, அது இதற்குத்தான்.

தம்பி செய்ய வேண்டியது: கொப்பியைக் கொண்டு உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்குப் போங்கள். பொதுச் சுகாதாரத் தாதி இருக்கிறாரா, வீட்டுக்கு வந்து பார்ப்பாரா என்று கேளுங்கள். மோர்பின் எல்லா ஆஸ்பத்திரிப் பாமசியிலும் இராது. முடிகிற நாளுக்கு ஒரு கிழமைக்கு முன்னமே போன் பண்ணி விசாரியுங்கள். எலும்பு வலிக்குக் கதிர்ச் சிகிச்சை பற்றியும் கேளுங்கள். நோயை மாற்ற என்றால் பல நாள் போக வேண்டும். வலிக்கு மட்டும் என்றால் பல பேருக்கு ஒரே தடவை போதும்.

குளக்கட்டான் (விசுவமடு), சனி இரவு 8.05

மன்னிக்க வேண்டும், ஆறு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை.

பெட்டியில் இருந்தது 4 மணித்தியாலக் குளிசைதான். பெரியம்மாவுக்கு மிசி அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் பார்த்தால் பெட்டி மேசையில், பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர்.

மகளின் பழைய கணக்குக் கொப்பியில் கோடு போட்டு, நேரம் எழுதி, கொடுத்தவுடன் சரி போடுகிறோம். முதல் நாள் இரவு 10 மணிக் குளிசைக்குப் பிறகு முனகல் நின்றுவிட்டது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. எழும்பிப் போய் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். நுளம்பு வலையைத் தூக்கியபோது அம்மா கண்ணைத் திறந்து, "என்னடா, நான் செத்திட்டன் எண்டு பாக்கிறியோ" என்றார். நானும் தங்கச்சியும் விறாந்தையில் இருந்து சிரித்தோம், அழுதோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் நித்திரை கொண்ட இரவு அது.

வயிறு இளக்கும் மருந்தைக் கேட்டு வாங்க மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் பட்ட பாட்டை எழுத ஏலாது. மற்றவர்கள் மறக்காதீர்கள்.

இப்போது பெரிய பிரச்சினை புண். மணம். அம்மாவே கூசுகிறார், பேரப்பிள்ளைகளைக் கிட்ட எடுக்கிறார் இல்லை.

வெள்ளைத்தொப்பி (கிளிநொச்சி), சனி இரவு 9.00

மணத்துக்கு விலையில்லாத மருந்து இருக்கிறது. மெற்றோனிடசோல் குளிசை. அதைப் பொடியாக்கிப் புண்ணில் தூவுவது. டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கழுவ, கொதித்து ஆறிய தண்ணீர் அரை லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. ஒட்டின துணியைக் காய இழுக்க வேண்டாம், அந்தத் தண்ணீரால் நனைத்து ஊறவிட்டு எடுங்கள். கழுவுவதற்கு அரை மணித்தியாலம் முன்னால் வலிக்குளிசை. கட்டிலுக்குக் கீழே ஒரு தட்டில் அடுப்புக்கரி வையுங்கள், மணத்தை இழுக்கும். ஊதுபத்தி வேண்டாம், இரண்டு மணமும் கலந்து இன்னும் பிரட்டும்.

நெடுங்கேணியான், ஞாயிறு காலை 5.50

இந்த இழையில் புற்றுநோய்தான் ஓடுகிறது. என்னுடைய தம்பிக்கு 2009இல் முதுகில் செல் துண்டு பட்டது. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே இல்லை. அவனைச் சாகப்போகிற ஆள் என்று ஒருவரும் சொல்வதில்லை, ஆனால் மிசி அக்கா சொல்கிற அவ்வளவும் அவனுக்கும் வேண்டியிருக்கிறது. வவுனியாப் பக்கம் சிறுநீரகம் பழுதாகி, இரத்தம் சுத்திகரிக்கப் போய்வரக் களைத்துப்போய்க் கிடக்கிற விவசாயிகளுக்கும் வேண்டும்.

படுக்கைப்புண் பற்றி நான் சொல்லலாம், பட்டுத் தெரிந்துகொண்டவன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளைத் திருப்ப வேண்டும். முழுக்கச் சரிக்காமல் முதுகுப் பக்கம் தலையணை கொடுத்து அரைவாசி சரித்தால் இடுப்பெலும்பு அமத்தாது. குதிக்கால் காற்றில் நிற்க வேண்டும், கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை. நடுவில் ஓட்டை விட்ட ரப்பர் வளையம் வாங்கி ஏமாற வேண்டாம், சுற்றிவர இரத்த ஓட்டத்தை நிறுத்தி இன்னும் கெடுக்கும். துவாயை இழுத்துத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். காற்று மெத்தை நல்லது, கறண்ட் போனால் மட்டும் அது வெறும் றெக்சின் துணி.

வெள்ளைத்தொப்பி (கிளிநொச்சி), ஞாயிறு காலை 7.20

நெடுங்கேணித் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. சிறுநீரகக்காரருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: மோர்பினின் கழிவு அவர்களுக்கு உடம்பில் தேங்கும். அந்த நோயாளருக்கு அளவும் மருந்தும் வேறு. பக்கத்து வீட்டுக் குளிசையைக் கைமாற்றுவது வேண்டவே வேண்டாம்.

வெத்திலைத்தட்டம் (முள்ளியவளை), ஞாயிறு முற்பகல் 11.00

எல்லாம் சரி. தாய்க்குச் சொல்லியாச்சோ? சொல்லக்கூடாது என்பது என் கட்சி. கேட்டவுடனேயே ஆள் உடைந்துபோகும்.

குளக்கட்டான் (விசுவமடு), செவ்வாய் இரவு 9.30

ஐயா கேட்டதை வாசித்த பிறகு இரண்டு நாள் யோசித்தேன். நாங்களும் "வாதம், எலும்புத் தேய்வு" என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். நேற்று தலை இழுத்துவிடும்போது அம்மா கேட்டார்: "இது மாறாது என்ன?" எனக்கு வாய் வரவில்லை. பிறகு, "நீங்கள் என்ன நினைக்கிறியள் அம்மா?" என்றேன்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாங்கள் மறைக்கிறோம் என்றும் தெரிந்திருந்தது. நாங்கள் தாங்க மாட்டோம் என்று அவர் எங்களுக்கு மறைத்திருக்கிறார்! கட்ட வேண்டிய சேலையை மாசியிலேயே எடுத்துத் தனியாக வைத்தாராம். பிறகு வரிசையாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் விட வேண்டாம். மூக்கால் குழாய் போட வேண்டாம். வற்றாப்பளைக்கு நேர்த்தி ஒன்று கிடக்கிறது, தங்கச்சி செய்ய வேண்டும். காணி.

காணிதான் அவரை நித்திரை கொள்ளவிடாமல் செய்திருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு பெர்மிற் (அரச காணி அனுமதிப்பத்திரம்) அம்மாவின் பெயரில், அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பதியவில்லை. தங்கச்சி இருக்கிற துண்டு அதற்குள். இரவில் முனகியதில் எவ்வளவு எலும்புக்கு, எவ்வளவு காணிக்கு என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னார். 2009இல் முள்ளிவாய்க்காலில் எங்கள் அப்பாவும் சின்னண்ணனும் போனார்கள். அதைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை. "அதுகளுக்கு வாயில தண்ணி விட ஏலாமப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

ஒட்டுசுட்டான்பிள்ளை (இங்கிலாந்து), செவ்வாய் இரவு 11.45

அண்ணா, நீங்கள் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் எங்களுக்குப் பயிற்சியில் மாதக்கணக்காகச் சொல்லித் தருகிறார்கள். ஆளுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரிய விருப்பம் என்று முதலில் கேட்பது. கேட்காதவருக்குத் திணிக்கவும் வேண்டாம், கேட்கிறவருக்குப் பொய் சொல்லவும் வேண்டாம்.

காணி விசயத்தை ஆறப்போடாதீர்கள். பிரதேச செயலகக் காணிக்கிளையில் நாளைக்கே கேளுங்கள், ஆள் வர ஏலாத நிலை என்று கிராம சேவகரைக் கொண்டு சொல்லுங்கள்.

வெத்திலைத்தட்டம் (முள்ளியவளை), புதன் காலை 6.40

என் கட்சி எனக்கு. ஆனால் காணி விசயம் சொன்னாய் பார், அது யோசிக்க வைக்குது.

மூண்டுசில்லு (பரந்தன்), புதன் பகல் 12.15

ஒரு விசயம் பல நாளாக மனதில் கிடக்கிறது. எங்கள் ஊரில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. ஆள் செத்த ஒரு மணித்தியாலத்தில் கொட்டகை வரும், கதிரை வரும், தேத்தண்ணிக் கேத்தில் வரும், கடைசி மட்டும் நிற்பார்கள். ஆனால் ஆள் மூன்று மாதம் கிடக்கிறபோது அந்த வீட்டுக்கு ஒருவரும் போவதில்லை, போனாலும் ஒரு பிஸ்கட் பெட்டியோடு பத்து நிமிடம். சந்தாக் காசில் ஒரு காற்று மெத்தை, ஒரு சக்கர நாற்காலி வாங்கி வைத்தால் என்ன? பார்க்கிற பிள்ளை குளித்துவிட்டு வர இரண்டு மணித்தியாலம் ஒரு ஆள் போய் இருந்தால் என்ன?

வெள்ளைத்தொப்பி (கிளிநொச்சி), புதன் இரவு 9.15

கேரளாவில் இதைத்தான் செய்தார்கள் ராசா. கோழிக்கோட்டில் 1993இல் ஒரு சின்ன வலிநிவாரணக் கிளினிக்காகத் தொடங்கியது. பிறகு அயலவர்களையே பழக்கினார்கள். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் தர முடிந்தவர்கள், கூலிக்காரர், மாணவர், வீட்டுப் பெண்கள். தாதி ஒருவர் அவர்களோடு வீடு வீடாகப் போவார். சில்லறைச் சில்லறையாக ஊரே காசு சேர்த்தது. 2008இல் மாநில அரசே அதற்கென்று கொள்கை வகுத்தது. உங்களுடைய சங்கக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுங்கள், ஆளைத் திருப்புவது எப்படி என்று காட்டித் தருகிறேன். முழங்கால் வருத்தம், ஓட்டோ அனுப்ப வேண்டும்.

குளக்கட்டான் (விசுவமடு), இருபத்துமூன்று நாளைக்குப் பிறகு, வெள்ளி அதிகாலை 3.10

அம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் விட்டால் புரையேறுகிறது. அண்ணன் வீடியோவில் பார்த்துவிட்டுக் கத்துகிறார், "சேலைன் ஏத்து, பட்டினி போட்டுக் கொல்லாத" என்று. ஏற்றவா?

ஒட்டுசுட்டான்பிள்ளை (இங்கிலாந்து), வெள்ளி அதிகாலை 3.32

அண்ணா, இரவு வேலையில் நிற்கிறேன், உடனே எழுதுகிறேன். சாப்பிடாததால் அம்மா போகவில்லை. போகிறதால்தான் உடம்பு சாப்பாட்டை வேண்டாம் என்கிறது. இந்தக் கட்டத்தில் ஏற்றுகிற தண்ணீர் பல நேரம் காலிலும் கையிலும் வீங்கும், நெஞ்சில் சேர்ந்து இரையும். அமெரிக்காவில் ஹூஸ்டனில் ஹொஸ்பிஸில் இருந்த புற்றுநோயாளர் 129 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2013இல் வெளிவந்தது. ஒரு பகுதிக்கு நாளுக்கு ஒரு லீற்றர் சேலைன், மற்றப் பகுதிக்கு வெறும் 100 மில்லிலீற்றர். களைப்பிலோ மயக்கத்திலோ இருந்த நாளிலோ பெரிய வித்தியாசம் காணவில்லை.

வாய் காய்வதுதான் அவருக்குத் தெரிகிற தாகம். சுத்தமான துணியை விரலில் சுற்றி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, உதடு, முரசு, நாக்கு எல்லாம் மெல்லத் துடையுங்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா. உதட்டுக்கு வசிலீன். இளநீர் பிடிக்கும் என்றால் இளநீரில் நனையுங்கள். விழுங்க ஏலாவிட்டால் குளிசை வேண்டாம், விடிந்தவுடன் டொக்டரைக் கேட்டு வலி மருந்தை ஊசியாகவோ வேறு வழியிலோ மாற்றுங்கள். மருந்தை அப்படியே நிறுத்திவிடாதீர்கள்.

அண்ணனின் நம்பரைத் தாருங்கள், நான் கதைக்கிறேன். தூரத்தில் இருக்கிறவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லாததுதான் கத்தலாக வருகிறது.

பனிக்குள்பனை (ஸ்காபரோ), வெள்ளி அதிகாலை 4.05

தம்பி, நானும் அண்ணனோடு கதைக்கிறேன். அப்பருக்கு நான் சேலைன் ஏற்ற வைத்தவன். கை வீங்கி மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். இதை நான் இங்கே ஒருவருக்கும் சொன்னதில்லை.

வெள்ளைத்தொப்பி (கிளிநொச்சி), வெள்ளி காலை 5.30

இனி வரப்போவதைச் சொல்லி வைக்கிறேன், பயப்படக்கூடாது. கை கால் குளிரும், தோல் திட்டுத்திட்டாக நீலம் பாயும், சலம் குறையும். மூச்சு நிற்கும், எண்ணிக்கொண்டிருக்க மீண்டும் வரும். தொண்டையில் கறகறச் சத்தம் கேட்கும். அது கேட்கிற எங்களுக்குத்தான் கரைச்சல், அவருக்கு இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காது கேட்கும் என்று நினைத்தே கதையுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு அண்ணனையும் கதைக்க விடுங்கள்.

கிராம சேவகருக்கு இப்போதே ஒரு சொல் சொல்லி வையுங்கள். வீட்டில் மரணம் என்றால் பதிவுக்கு அவருடைய அறிக்கை வேண்டும். கிளினிக் கொப்பி கையில் இருக்கட்டும்.

குளக்கட்டான் (விசுவமடு), பதினொரு நாளைக்குப் பிறகு, இரவு 7.40

அம்மா சனிக்கிழமை பின்னேரம் நாலேகாலுக்குப் போய்விட்டார். எட்டுச் செலவு முடிந்துதான் எழுதுகிறேன்.

வெள்ளி முழுக்க அண்ணன் போனில் இருந்தார். கத்தவில்லை. சின்ன வயதில் இரணைமடுவில் மீன் பிடிக்கப் போய் அடி வாங்கிய கதை, அப்பாவின் சைக்கிள் கதை, எல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை பெரியம்மா தேவாரம் படித்தார். இளநீரில் துணியை நனைத்து வாயில் வைத்தது தங்கச்சி. மூச்சு நின்றது, நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பிறகு வரவில்லை.

காணி விசயம் முந்தின கிழமையே சரி வந்திருந்தது, உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து ஒப்பம் எடுத்தார். மரணப் பதிவும் கரைச்சலில்லாமல் முடிந்தது.

மிச்சமாக 23 மோர்பின் குளிசைகள். எண்ணி, எழுதி, ஆஸ்பத்திரிப் பாமசியில் ஒப்படைத்தேன். ஊரில் பெடியள் கெட்டுக்கிடக்கிற காலம், வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

அண்ணன் காசு அனுப்பி வாங்கிய காற்று மெத்தை இருக்கிறது, மோட்டரோடு. டெற்றோல் போட்டுக் கழுவிக் காய வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் சின்ன ஒட்டு, காற்றுப் போகாது. யாருக்காவது வேண்டும் என்றால் சொல்லுங்கள், காசு வேண்டாம்.

நெடுங்கேணியான், இரவு 8.02

அம்மாவுக்கு அஞ்சலி. தம்பியின் மெத்தை போன மாசத்தோடு முடிந்துவிட்டது, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

மூண்டுசில்லு (பரந்தன்), இரவு 8.10

கூச்சப்படாதை. நாளைக்கு விடிய அஞ்சு மணிக்கு விசுவமடுவில் ஏற்றுகிறேன், ஒட்டுசுட்டானால் வந்தால் எட்டுக்கு முன்னம் நெடுங்கேணி. மோட்டர் வயர் மறக்காமல் எடுத்து வை.